இரவு முறைக்கு உடல் பழகுமா?

பகலில் நிறுக்கப்படும் கொழுந்துதான் இரவில் யார் விழித்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இலங்கையின் ஊவா மலையில் பெரகல சந்தியிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை என்று ஏறிப் போகும் பாதையை அண்டிய தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இது பொது. பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். அதை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியால் விசிறிக் காற்றைச் செலுத்திப் பன்னிரண்டு மணி நேரம் அளவில் வாட்டினால்தான் இலை முறியாமல் வளையும், உருளையில் கசங்கும். காலைக் கொழுந்து நள்ளிரவை ஒட்டியும், பின்னேரக் கொழுந்து விடியலை ஒட்டியும் அந்தப் பதத்துக்கு வரும். கசக்கியதும் இலைக்குள் ஒட்சியேற்றம் தொடங்கிவிடும். பிறகு அதைத் தேக்கி வைக்க வழியில்லை. சில மணி நேரத்துக்குள் நூறு பாகை செல்சியஸை அண்மிய சூட்டில் காய வைத்தாக வேண்டும். ஒட்சியேற்றம் குளிரில் நிதானமாக நடந்தால்தான் மணமும் நிறமும் சரியாக அமையும் என்பதால் உச்சி வெயிலைவிட அதிகாலையே உருளைக்கு ஏற்ற பொழுது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வறண்ட காற்று வீசும் ஊவாப் பருவத்தில் இது இன்னும் கண்டிப்பு. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்தது அந்த மூன்று மாதத்து இலைதான். தேயிலை வணிகர் லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதென்னயில் கட்டிய தொழிற்சாலையானாலும் நேற்றுக் கட்டியதானாலும் இலையின் நியதி ஒன்றே. ஆகவே ராத்திரி வேலையை அடியோடு நிறுத்துங்கள் என்று கேட்பவர் தேயிலையை அறியாதவர்.

ஆனால் அந்த வேலையின் செலவு எங்கே எழுதப்படுகிறது என்று கேட்கலாம். கொழுந்தின் கணக்கு, மின்சாரக் கணக்கு, விறகுக் கணக்கு எல்லாம் தொழிற்சாலையில் உண்டு. உருளைக்குப் பக்கத்தில் நிற்கிறவரின் உறக்கத்துக்கு மட்டும் கணக்கு இல்லை. தலை கனக்கிறது, பசி நேரத்துக்கு வருவதில்லை, வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது என்று அவர் சொன்னால், தோட்டத்தில் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: போகப் போகப் பழகிவிடும். பதுளை வைத்தியசாலையில் இரவுக் கடமை பார்க்கும் தாதிக்கும், பெரகலயில் இருந்து கொஸ்லந்தைப் பக்கம் வளைந்து இறங்கும் பாதையில் லொறி ஓட்டும் சாரதிக்கும், கொழும்பில் காவல் வேலைக்குப் போன தோட்டத்துப் பையனுக்கும் சொல்லப்படுவது இதே பதில்தான். கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி இந்தப் பதிலை ஆதரிக்கவில்லை. பழகுவது மனம். உடலின் கடிகாரம் பெரும்பாலானோரில் பழகுவதே இல்லை. அப்படியானால் இரவு வேலையின் பாரத்தைக் குறைக்கும் வழியைத் தொழிலாளியின் மன உறுதியில் தேடிப் பயனில்லை. வேலை முறைப் பட்டியலிலும், வெளிச்சத்திலும், அவர் பகலில் படுக்கும் அறையிலும் தேட வேண்டும்.

கடிகாரம் என்று சொல்வது உருவகத்துக்காக அல்ல. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் இருபதாயிரம் நரம்புக் கலங்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு கலமும் தன்னளவில் ஏறத்தாழ ஒரு நாளை அளக்கிறது. அளக்கும் முறை எளிமையானது: சில மரபணுக்கள் புரதங்களை உண்டாக்குகின்றன, அந்தப் புரதங்கள் சேர்ந்து சேர்ந்து ஓர் அளவை எட்டியதும் தம்மை உண்டாக்கிய மரபணுக்களையே அடக்கிவிடுகின்றன, பிறகு அவை சிதைந்து குறைய, மரபணுக்கள் மறுபடி வேலையைத் தொடங்குகின்றன. இந்தச் சுற்றுக்குச் சுமார் 24 மணி நேரம். பழ ஈயில் இதைப் பிரித்தறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கும் பெயர் சொல்லும் பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவரது குழுவினரும் குகை வௌவால்களின் நாள் ஒழுங்கைப் பல ஆண்டு ஆராய்ந்தார்கள். இருண்ட குகைக்குள் கூட்டில் அடைபட்ட வௌவால், சுதந்திரமாகப் பறந்து போய் வரும் தன் இனத்தாரின் நடமாட்டத்தை வைத்தே நேரத்தைச் சரிசெய்துகொண்டது என்று 1981இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. வெளியுலகின் நேரம் தெரியாத தனி அறையில் மனிதர்களைத் தங்க வைத்தும் அவர்கள் ஆராய்ந்தார்கள். இத்தகைய தனிமை ஆய்வுகள் பல நாடுகளில் நடந்தன. சூரியனும் மணிக்கூடும் இல்லாவிட்டாலும் உடல் தன் நாளைத் தானே நடத்தும் என்பதும், அந்த நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதும் அவற்றில் தெளிவாயின.

அந்தக் கடிகாரம் நள்ளிரவுக்குப் பின் என்ன செய்கிறது? இருட்டிச் சில மணி நேரத்தில் மெலடோனின் என்ற ஓமோன் குருதியில் ஏறத் தொடங்கி நடுநிசிக்குப் பின் உச்சத்தை எட்டுகிறது. உடலின் உள்வெப்பநிலை சரிந்து, அதிகாலை நான்கு ஐந்து மணியளவில் நாளின் மிகக் கீழான நிலைக்கு வருகிறது. குடல் மந்தமாகிறது. கவனம் தளர்கிறது. இதோடு இன்னொரு பாரமும் சேர்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் கூடிக்கொண்டே போய் உறக்கத்தைக் கேட்கும். சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் இந்த இரண்டையும் இணைத்து விளக்கினார்: ஒன்று கடிகாரம், மற்றது உறக்கக் கடன். பகல் வேலைக்காரரில் கடன் ஏறும் பின்னேரத்தில் கடிகாரம் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும். இரவு வேலைக்காரரில் கடன் உச்சத்துக்கு வரும் அதே நேரத்தில் கடிகாரமும் கைவிட்டுவிடும். இரண்டும் ஒரே பக்கம் சாயும் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் உருளைகள் முழு மூச்சில் ஓடும் நேரமும்.

இது எவ்வளவு பாரதூரமானது என்பதற்கு அவுஸ்திரேலியாவின் டோசன், ரீட் இருவரும் 1997இல் வெளியிட்ட ஓர் ஒப்பீடு போதும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை–கண் ஒருங்கிணைப்பு, குருதியில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்குத் தாழ்ந்தது. பல நாடுகளில் அந்த அளவைத் தாண்டி வண்டி ஓட்டினால் குற்றம். இரவு முறையின் முதல் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து, பகல் முழுக்க வீட்டு வேலையோ தோட்டமோ பார்த்து, இரவு பத்துக்குத் தொழிற்சாலைக்கு வருகிறவர் நள்ளிரவுக்கு முன்னரே 17 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறார். அதற்குப் பின்தான் உருளையில் கை வைக்கிறார். 2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்தில் இருந்து குருநாகலுக்குப் போன பஸ் கொத்மலைப் பகுதியில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு விபத்தை வைத்து உறக்கத்தின் மேல் பழி போட முடியாது. பாதை, வண்டி, சாரதி எல்லாம் கலந்த விஷயம் அது. ஆனால் பல நாடுகளில் பல ஆண்டுகளாகச் சேர்த்த விபத்துக் கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், வாகன நெரிசல் மிகக் குறைந்த அந்த விடிகாலை நேரத்தில்தான் ஓடும் வண்டிக்கு விபத்து அதிகம். மூடுபனியில் பெரகல வளைவுகளில் ஏறும் லொறிச் சாரதிக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

பழகிவிடும் என்ற வாதத்துக்கு வருவோம். நிரந்தரமாக இரவு வேலை மட்டுமே பார்ப்பவர்களின் மெலடோனின் அளவுகளைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளைப் பிரித்தானியாவின் சைமன் ஃபோகார்ட் 2008இல் தொகுத்தார். கடிகாரம் முற்றிலும் இரவுக்கு மாறியவர்கள் 100 பேரில் 3 பேருக்கும் குறைவு. ஓரளவு கணிசமாகவேனும் மாறியவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இவர்கள் ஆண்டுக்கணக்கில் இரவிலேயே உழைத்தவர்கள். வாரம் மாறி மாறிப் போகிறவர்கள் அல்லர். காரணம் காலை வெளிச்சம். கண்ணின் விழித்திரையில், பார்வைக்கென்றில்லாமல் வெளிச்சத்தின் அளவைக் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே சில கலங்கள் இருக்கின்றன. நீல வெளிச்சத்துக்கு அவை மிகக் கூர்மை. சாதாரண உள்ளறை விளக்கு சில நூறு லக்ஸ். மூடுபனி படர்ந்த காலையிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ். இரவு முழுவதும் மங்கிய விளக்கில் நின்றவர், காலையில் வீட்டுக்கு நடக்கும் அரை மணி நேரத்தில் வாங்கும் வெளிச்சம் கடிகாரத்தைப் பிடித்து மீண்டும் பகலில் கட்டிவிடுகிறது. வௌவாலுக்குக் கூட்டம் நேரம் சொல்லலாம். மனிதரில் வெளிச்சத்தின் சொல்லே மேலோங்கி நிற்கிறது.

இதற்கு விதிவிலக்காகக் காட்டப்படுபவர்கள் வட கடலின் எண்ணெய் மேடைத் தொழிலாளர்களும், அந்தாட்டிக்காவின் ஹேலி ஆய்வு நிலையத்தில் குளிர்காலத்தைக் கழிப்பவர்களும். இவர்களின் கடிகாரம் ஒன்றிரண்டு வாரத்தில் இரவுக்கு மாறிவிடுகிறது. ஏன் என்று பார்த்தால் வாதம் இன்னும் உறுதியாகிறது: வேலை முடிந்து வெளியே வந்தாலும் அவர்கள் கண்ணில் காலைச் சூரியன் படுவதில்லை, வேலையிடத்துக்கு அருகிலேயே உறங்குகிறார்கள், சந்தைக்கும் கலியாணத்துக்கும் போக வேண்டியதில்லை. லண்டனில் இரவுக் கடமை பார்க்கும் தாதிகூட டிசெம்பர் மாதத்தில் இருட்டோடு வீடு போய்ச் சேரலாம். நமக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை அளவில் இருக்கும் ஊவாவில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே விடியும். வருடத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. ஆறு மணிக்கோ ஏழு மணிக்கோ முறை முடிகிற எவரும் வருடத்தின் எந்த நாளிலும் வெளிச்சத்தில்தான் வீடு திரும்புகிறார்கள். வட நாட்டில் எடுத்த கணக்கிலேயே பழகியவர்கள் இவ்வளவு குறைவு என்றால் இங்கே அதைவிடக் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

அப்படியானால் முப்பது வருடம் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துச் சுகமாக ஓய்வு பெற்றவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. முப்பது வருடம் நின்றவர்களை மட்டுமே நாம் பார்க்கிறோம் என்பதில் பதில் இருக்கிறது. தாங்க முடியாதவர்கள் இரண்டாம் மூன்றாம் வருடத்திலேயே மலை வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள், அல்லது கொழும்புக்கு ஏறிவிடுகிறார்கள். தொற்றுநோயியலில் இது நன்கு தெரிந்த பிசகு: வேலையில் மிஞ்சியிருப்பவர்களை எண்ணினால் அந்த வேலை எப்போதும் ஆரோக்கியமாகவே தெரியும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு என்பதும் உண்மை. 1938இல் நத்தானியேல் கிளைட்மன் தன் மாணவர் ரிச்சர்ட்சனுடன் அமெரிக்காவின் மாமத் குகைக்குள் ஒரு மாதம் தங்கி, 28 மணி நேரத்தை ஒரு நாளாக்கி வாழ்ந்து பார்த்தார். இருபதுகளில் இருந்த ரிச்சர்ட்சனின் உடல் ஒத்துப்போனது. நாற்பதைத் தாண்டிய கிளைட்மனின் உடல் கடைசி வரை 24 மணி நேரத்தை விடவில்லை. இரண்டே பேர் என்பதால் இதில் சட்டம் எதுவும் இயற்ற முடியாது. ஆனால் வயது ஏற ஏற இரவு வேலையைத் தாங்கும் திறன் குறைகிறது என்றும், இயல்பிலேயே பிந்தி உறங்கிப் பிந்தி எழுகிறவர்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கிறார்கள் என்றும் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆந்தை இயல்புள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பது பட்டியலை மாற்ற ஒரு காரணம். யாருக்கு எது பொருந்தும் என்று எந்தத் தொழிற்சாலையும் கேட்பதில்லை. பெயர் வந்த வரிசையில் முறை வருகிறது.

உடம்புக்கு வரும் தீங்கில் மிகைப்படுத்தலும் உண்டு, மறைப்பும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007இலும் மறுபடி 2019இலும் இரவு வேலையை ‘மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ வகுப்பில் சேர்த்தது. சிவப்பு இறைச்சியும் அதே வகுப்பில்தான் இருக்கிறது. சான்று வரையறைக்குட்பட்டது என்பதே அதன் பொருள். இரவு முறைக்குப் போகிறவருக்குப் புற்றுநோய் நிச்சயம் என்பதல்ல. அதைக் காட்டி ஒருவரைப் பயமுறுத்துவது பிழை. நம் நாட்டுக்கு அதைவிட நெருக்கமான விஷயம் சீனி. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2009இல் பத்துப் பேரை ஆய்வுகூடத்தில் வைத்து உறக்கத்தையும் உணவையும் கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பினார்கள். சில நாட்களுக்குள் குருதி அழுத்தம் ஏறியது. குளுக்கோசு 6 வீதமும் இன்சுலின் 22 வீதமும் கூடின. பசியை அடக்கும் லெப்டின் குறைந்தது. 2021இல் வெளியான இன்னோர் ஆய்வில் 19 பேர் போலி இரவு முறையில் இருந்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களின் குளுக்கோசு ஏறியது. இரவில் விழித்திருந்தும் பகலில் மட்டுமே சாப்பிட்டவர்களில் அது ஏறவில்லை. தெற்காசியருக்கு மெலிந்த உடம்பிலேயே நீரிழிவு வருகிறது என்பது நெடுங்காலமாகத் தெரிந்தது. மேலைநாட்டில் செய்த ஆய்வு நமக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு, இந்த விஷயத்தில் நமக்கு ஆபத்துக் கூடுதலாகவே பொருந்தும் என்பதுதான் பதில். ஆகவே நடுநிசியில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் வயிறு நிறையச் சாப்பிடுவதைவிட, வேலைக்கு வருமுன் ஏழு எட்டு மணிக்குச் சோற்றை முடித்துக்கொண்டு, இடையில் பசித்தால் கொஞ்சமாக எதையாவது கடித்துக்கொள்வது நல்லது. மூன்று முறை சீனி போட்ட பிளேன்டீ குடிக்கிறவர் அதில் ஒன்றையாவது வெறும் தேநீராக்கலாம். தேநீரில் உள்ள கஃபீன் அடினோசினின் இடத்தைப் பிடித்துக்கொண்டு விழிப்பைத் தரும். ஆனால் அதில் பாதி உடம்பைவிட்டுப் போக ஐந்து மணி நேரம் அளவில் ஆகும். அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு குடிப்பது காலை உறக்கத்திலிருந்து வாங்கும் கடன். சாராயம் உறங்க வைக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது உறக்கத்தின் பிற்பாதியைத் துண்டு துண்டாக்கிவிடும்.

இரவு வேலையின் பாரம் உண்மையில் இறங்குவது பகலில் படுக்கும் இடத்தில். இரவு முறைத் தொழிலாளிக்கு உலகெங்கும் தரப்படும் அறிவுரை ஒன்று: இருட்டான, அமைதியான, குளிர்ந்த அறையில் படுங்கள். இந்த மூன்று சொல்லையும் ஒரு லயத்துக் காம்பராவில் வைத்துப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக, சில இடங்களில் முதுகோடு முதுகாகவும் அடுக்கிய அறைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சிறு குசினி. தடுப்புச் சுவருக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பேச்சு வரும். தகரம் பத்து மணிக்குள் சூடேறும். பீலிக்கரையில் வாளிச் சத்தம், அடுத்த அறையில் வானொலி, திருவிழாக் காலத்தில் கோவில் ஒலிபெருக்கி. வாசலை அடைத்தால் புகையும் வெப்பமும் உள்ளே நிற்கும், திறந்தால் வெளிச்சம் முகத்தில் விழும். அதே அறையில்தான் பாட்டி படுத்திருப்பாள், பள்ளி விட்டு வந்த பிள்ளை பாடம் படிக்கும். நல்ல வீட்டில்கூடப் பகல் உறக்கம் இரவு உறக்கத்தைவிட இரண்டு மணி நேரமாவது குறைவு, ஏனென்றால் காலையில் உடல்வெப்பம் ஏறத் தொடங்கி உறக்கத்தை அதுவே கலைத்துவிடும். அதற்குமேல் இந்த அறையையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம் கிடைத்தாலே பெரிது. ஒரு வாரத்தில் சேரும் கடன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அடைபடாது. மனைவி காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலையில் நிற்பவள் என்றால், நண்பகலில் அடுப்பைப் பார்ப்பதும் பிள்ளைக் காம்பராவில் இருந்து கைக்குழந்தையைக் கூட்டி வருவதும் அரைத் தூக்கத்தில் இருக்கும் அவர் தலையில் விழும். இரவுக் கடமை முடிந்து வரும் தாதியின் நிலை இன்னும் மோசம். அவள் வீட்டில் இருக்கிறாள் என்றால் சும்மா இருக்கிறாள் என்றே கணக்கு.

ஆகவே புதிதாகக் கட்டப்படும் தோட்ட வீடுகளில் உறங்கும் அறைக்கு ஒரு கூரைத்தட்டும், மூடினால் உண்மையில் இருட்டாகும் ஒரு ஜன்னலும் வைப்பது நோய் தடுப்புச் செலவு. பழைய லயங்களில் இருப்பவர்களுக்கு நினைத்த மாதத்தில் வீடு வராது. அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறது. இலையைத் தட்டுத் தட்டாக விரித்துக் காற்றில் வாட்டிய காலத்தில் கட்டிய பழைய தொழிற்சாலைகளுக்கு மேலே இரண்டு மூன்று மாடிகள் உண்டு. விசிறித் தொட்டிகள் வந்தபின் அந்த மாடிகளில் இடம் மிஞ்சியது. கந்தப்பளையில் அப்படி ஒரு தொழிற்சாலை முழுவதுமே விடுதியாகிப் பிரபலமாகிவிட்டது. அந்த மிஞ்சிய இடத்தில் ஒரு மூலையை மறைத்து நாலு கட்டில் போடலாம். அதிகாலை மூன்று மணிக்கு ஆளுக்கு இருபது நிமிடம் முறை வைத்துப் படுத்தெழுந்தால் கவனம் தெளிவாகத் திரும்புகிறது என்பதை விமானிகளிலும் தாதியரிலும் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அரை மணி நேரத்தைத் தாண்டவிடக் கூடாது, ஆழ்ந்த உறக்கத்தில் இருந்து எழுப்பினால் பத்துப் பதினைந்து நிமிடம் மந்தம் நிற்கும்; எழுந்தவுடன் உருளைக்குக் கை போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை நேரத்தில் உறங்கவிடுவதா என்று முகம் சுளிக்கும் நிர்வாகிகளுக்கு ஒன்றைச் சொல்லலாம்: அந்த நேரத்தில் மூளை எப்படியும் சில நொடித் தூக்கங்களைத் திருடிக்கொள்கிறது. அதைக் கட்டிலில் வைத்துக்கொள்வதா, இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதா என்பதுதான் தெரிவு.

வெளிச்சத்திலும் கொஞ்சம் கை வைக்கலாம். கடிகாரத்தை முழுதாக மாற்ற முடியாது. அரைவாசி மாற்றலாம் என்று சிக்காகோவின் சார்மேன் ஈஸ்ட்மன் குழு காட்டியது. இரவின் முதற்பாதியில் நல்ல பிரகாசமான விளக்கு, வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, வந்தவுடன் இருட்டில் படுக்கை, விடுமுறை நாளிலும் அதிகாலை மூன்று மணி வரை விழித்திருந்து மதியம் வரை உறக்கம். உடல் வெப்பத்தின் மிகத் தாழ்ந்த நேரம் இதனால் பிந்திப் பகல் உறக்கத்துக்குள் விழுகிறது. இதில் முதல் பாதி தொழிற்சாலையின் விளக்குச் செலவு மட்டும்தான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு லயத்துக்கு நடக்கிறவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அகன்ற தொப்பியோ குடையோ ஓரளவு அதே வேலையைச் செய்யும். விடுமுறை நாள் பகுதிதான் நம் ஊரில் நடக்காத காரியம். மரண வீடும் பூப்புனித நீராட்டும் கொடியேற்றமும் உறங்குகிறவரின் கடிகாரத்தைக் கேட்டு வருவதில்லை. அதனால் நீண்ட காலம் இரவிலேயே நிற்கும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முறைப் பட்டியலில் ஆராய்ச்சியாளர்களுக்கிடையே சச்சரவு உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பொட்டாசுத் தொழிற்சாலையில் வாரத்துக்கொரு முறை பின்னோக்கி மாறிய வேலை நேரத்தை, 21 நாளுக்கொரு முறை முன்னோக்கி மாறும்படி திருத்தியதும் மனநிறைவும் உற்பத்தியும் கூடின என்று சார்ல்ஸ் சீஸ்லர் குழு 1982இல் அறிவித்தது. ஐரோப்பிய ஆய்வாளர்கள் பலர் இரண்டு மூன்று இரவுக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வைக்கவே வேண்டாம் என்கிறார்கள்: கடிகாரம் மாறப்போவதில்லை, ஆகவே அது குழம்பத் தொடங்கும் முன்னரே ஆளைப் பகலுக்குத் திருப்பிவிடுங்கள். முன்னோக்கி, அதாவது காலை முறையில் இருந்து பின்னேர முறைக்கு, அங்கிருந்து இரவுக்கு என்று மாற வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒன்று. உடலின் இயல்பான நாள் 24 மணியைவிட நீளம் என்பதால் பிந்தி உறங்குவது முந்தி உறங்குவதைவிட எளிது. ஊவாவின் வீடுகளையும் காலை வெளிச்சத்தையும் வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று இரவு என்ற கட்சியே பொருந்தும் என்பது என் முடிவு. கொழுந்து காத்திருக்காது என்ற எதிர்ப்புக்கும் இதில் இடம் இருக்கிறது. இலை வாடும் நேரம் முழுவதும் அத்தனை பேரும் நிற்க வேண்டியதில்லை. விசிறியையும் பதத்தையும் பார்க்க ஓரிருவர் போதும், உருளை தொடங்கும் நேரத்துக்குத்தான் கூட்டம் வேண்டும். சலிப்பதும் தரம் பிரிப்பதும் பொதி கட்டுவதும் முழுக்கப் பகலுக்குப் போகலாம். ஊவாப் பருவத்தின் மூன்று மாதத்துக்கு ஒரு பட்டியல், மற்ற மாதங்களுக்கு இன்னொன்று என்று வைப்பதை இலை தடுக்கவில்லை.

கடைசியாக வரும் எதிர்ப்பு தொழிலாளியிடமிருந்தே வரும், அதற்குத்தான் எடை அதிகம். நாட்கூலியில் குடும்பம் நடத்துகிறவருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கைவிட முடியாதது. இரவுகளைக் குறைத்தால் வருமானம் குறையும். இதை உடலியல் தீர்க்காது. இரவின் எண்ணிக்கையில் இருக்கும் பணத்தை இரவின் மணி நேரத்துக்கு மாற்றினால், ஒரே தொகையைக் குறைந்த இரவுகளில் கொடுக்கலாம். தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்துக்காக மல்லுக்கட்டும் அளவில் பத்தில் ஒரு பங்கேனும் இதில் காட்டலாம். இதற்கு முன்மாதிரி நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. பெண்கள், இளம் ஆட்கள், சிறுவர்களை வேலைக்கமர்த்தும் 1956ஆம் ஆண்டின் சட்டத்துக்கு 1984இல் கொண்டுவந்த திருத்தம், தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் தொழிற்துறை நிறுவனத்தில் பெண்ணை இரவு வேலையில் வைக்கக் கூடாது என்கிறது. அவள் விருப்பத்துக்கு மாறாகவும் கூடாது. பகலில் வேலை செய்தவளை அன்றிரவு பத்து மணிக்கு மேல் நிறுத்தக் கூடாது, கூலி ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது, ஓய்வறை வேண்டும், மாதத்துக்குப் பத்து இரவுக்கு மேல் போகக் கூடாது. சட்டம் எழுதியவர்கள் பெண்ணின் பாதுகாப்பை நினைத்து எழுதினார்கள், மெலடோனினை நினைத்தல்ல. இருந்தும் உறக்க ஆய்வாளர் ஒருவரிடம் பட்டியல் கேட்டிருந்தால் அவரும் கிட்டத்தட்ட இதைத்தான் எழுதிக் கொடுத்திருப்பார். மூளையில் இருக்கும் அந்த இருபதாயிரம் கலங்கள் ஆணில் வேறு விதமாக நேரம் சொல்வதில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் இரவு முறையில் பெரும்பாலும் நிற்பது ஆண்கள். அவர்களுக்கு இந்த நிபந்தனைகளைப் பொருத்த நாடாளுமன்றம் கூட வேண்டிய அவசியமும் இல்லை. மாதத் தொடக்கத்தில் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் எழுதி ஒட்டும் ஒரு தாளில் முடிகிற வேலை அது.